துவரம்பருப்பும் பத்ரிநாத்தும்



சென்ற மாதம் சங்கத்தின் மகளிர் கூட்டத்திற்குப் பின், தார்நாகாவுக்கு அண்மையில் குடிவந்த சகோதரி ஒருவர் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். கும்பகோணத்தில் இருந்தவரை துவரம்பருப்பு சொன்ன நேரத்தில் வெந்து குழைந்ததாம். இங்கே அதே பருப்பு, அதே பாத்திரம், அதே கை, ஆயினும் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கிறதாம். "இந்த ஊர் மேட்டு ஊர் என்கிறார்களே, அதனாலா?" என்பது அவர் வினா. அதே நாளில் யாத்திரைக் குழுவினர் பத்ரிநாத் பயணத்தின் அட்டவணையை நம் கையில் கொடுத்து, இதழில் வெளியிடுமாறு பணித்தனர். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது அட்டவணையைப் படித்த பின்னரே நமக்கு விளங்கிற்று. ஆகவே இம்மாதம் உயரத்தைப் பற்றியே பேசலாம் என்று துணிந்தோம்.

மேட்டு ஊர் என்பது உண்மைதான். இரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். சென்னையில் அந்த எண் மிகச் சிறியது. ஐதராபாத்திலோ ஐந்நூற்றுச் சொச்சம். இரவு வண்டியில் உறங்கிக்கொண்டே நாம் அரைக் கிலோமீட்டர் மேலே ஏறி வந்துவிடுகிறோம். மலை என்று ஒன்றும் தென்படாமையால் ஏறியதே தெரிவதில்லை.

அலையாடும் கடலுக்கு மட்டம் ஏது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆண்டுக்கணக்கில் நீரின் ஏற்ற இறக்கத்தைக் குறித்து, அதன் சராசரியையே மட்டமென்று கொண்டனர். 1909-ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்ட இந்திய மட்டக் கணக்கிற்கு ஒன்பது துறைமுகங்களின் அளவீடுகள் அடிப்படையாயின. அவற்றுள் நாகப்பட்டினமும் சென்னையும் உண்டு. தார்நாகாவில் நம் வீட்டுத் திண்ணையின் உயரத்தை அளப்பவர், ஒரு வகையில், நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்தும் அளக்கிறார்.

இந்நாட்டை முக்கோணங்களாக அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலையருகே அவர் பணி தொடங்கிற்று. காவிரிச் சமவெளியில் அவருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. தொலைதூரம் நோக்குவதற்கு அங்கே குன்றே இல்லை. என் செய்வது? கோயில் கோபுரங்களைக் குன்றாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அவருடைய பெருங்கருவியை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப் போயிற்று. மனிதர் சோர்ந்துவிடவில்லை, தாமே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். பின்னாளில் அவர் பணி வடக்கே நகர்ந்தபோது, 1818-இல் உதவியாளராக வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் வந்து சேர்ந்த இடம் நம் ஐதராபாத். உலகின் மிக உயர்ந்த சிகரம் தாங்கி நிற்கும் பெயர் அவருடையதே. தஞ்சையிலிருந்து ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

நிற்க. பருப்புக்கு வருவோம்.

நம் தலைக்கு மேல் காற்று பெருங்கடலாய் நிற்கிறது. அதன் அடித்தளத்தில் நாம் வாழ்கிறோம். மேலே செல்லச் செல்லத் தலைக்கு மேலுள்ள காற்றுக் குறைகிறது. ஆதலின் அதன் அழுத்தமும் குறைகிறது. நீர் கொதிப்பது என்பது நீராவி அந்த அழுத்தத்தை எதிர்த்து வெளியேறுவதே. அழுத்தம் தளர்ந்தால் ஆவி எளிதில் வெளியேறும். அதாவது நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், தார்நாகாவில் ஏறக்குறைய 98 டிகிரியில் கொதிக்கிறது. உதகமண்டலத்தில் 92 அல்லது 93. பத்ரிநாத்தில் 90-க்குச் சற்றுக் குறைவு. எவரெஸ்ட் உச்சியில் 70-ஐ ஒட்டி. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்கு மேல் சூடேறாது, விறகுதான் வீண். தளதளவென்று கொதிப்பதைக் கண்டு வெந்துவிட்டது என்று எண்ணுவோர் மலையூர்களில் ஏமாந்துபோவது இதனால்தான்.

இந்தக் குறையையே ஒருவர் கருவியாக்கிக் கொண்டார். குமாவுன் மலைநாட்டைச் சேர்ந்த நயின் சிங் ராவத் என்னும் பள்ளி ஆசிரியர், நில அளவைத் துறையின் இரகசிய ஊழியராக, யாத்திரிகர் வேடத்தில் திபெத்துக்குள் புகுந்து 1866-இல் லாசா நகரை அடைந்தார். அந்நியர் அளவெடுப்பது தெரிந்தால் தலை தப்பாத காலம். 108 மணி இருக்கவேண்டிய செபமாலையில் 100 மணியே கோத்து, நூறு காலடிக்கு ஒரு மணியாக உருட்டித் தூரத்தைக் கணக்கிட்டார். உயரத்தை அறிய என்ன செய்தார்? தேநீருக்கு வைப்பவர்போல நீரைக் கொதிக்கவைத்து, அதில் வெப்பமானியை நுழைத்துப் பார்த்தார். எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ அதிலிருந்து உயரம் கிடைத்துவிடும். மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட லாசாவின் உயரத்தை, ஒரு கொதிநீர்ப் பாத்திரத்தைக் கொண்டு பெரும் பிழையின்றி அவர் கண்டுவிட்டார். அடுக்களை அறிவை அற்பமென்று எண்ணுவோர் இதைச் சிந்திப்பாராக.

ஆனால் சகோதரியின் வழக்கில் நம் தீர்ப்பு வேறு. 98-க்கும் 100-க்கும் உள்ள வேற்றுமை, திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடம் வேகவேண்டியதை இருபத்துமூன்று நிமிடமாக்கும், அவ்வளவே. குக்கரில் வைத்தாலோ அதுவும் தெரியாது. ஏனெனில் குக்கரின் குண்டு, வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தைக் கூட்டி, உள்ளிருக்கும் நீரை 120 டிகிரிக்கு அருகே கொண்டுபோய்விடுகிறது. ஆகவே நம் ஊரின் உயரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது சரியன்று. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரே. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலோடும் சதையோடும் பிணைந்து, அதைக் குழையவிடாமல் இறுக்குகிறது. குழாயில் வரும் நகராட்சி நீரில் ஊறவைத்து வேகவைத்துப் பார்க்குமாறு சகோதரிக்குச் சொல்லியிருக்கிறோம். பழைய பருப்பாக இருந்தாலும் வேகாது என்பதையும் மளிகைக்கடை நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருப்பார்களாக.

அந்தக் குழாய் நீரைப் பற்றியும் ஒரு சொல். ஐதராபாத்துக்கு வரும் கிருஷ்ணா நீர் நாகார்ஜுனசாகரிலிருந்து வருகிறது. அந்த நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கையில் அதன் மட்டம் 590 அடி, அதாவது 180 மீட்டர். நம் நகரமோ ஐந்நூறு மீட்டருக்கு மேல். கிருஷ்ணை நம்மிடம் ஓடி வரவில்லை, தூக்கி வரப்படுகிறாள். ஆயிரம் லிட்டர் நீரை அவ்வுயரத்துக்கு ஏற்ற, எந்திரத்தின் இழப்பு ஒன்றுமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் இன்னும் மிகுதி. மேல்தொட்டி நிரம்பி வழிவதை வேடிக்கை பார்க்கும் வீட்டார் நம் தெருவிலேயே இருவர் உளர். பெயர் சொல்லவில்லை.

இனி, தார்நாகாவில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நம் இடத்திலிருந்து சில கல் தொலைவில், இ.சி.ஐ.எல். பக்கத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் உள்ளது. அங்கிருந்து மேலே விடப்படும் பலூன்கள், விமானங்கள் எட்டாத உயரத்துக்குக் கருவிகளைச் சுமந்து செல்பவை. 1912-இல் விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் தாமே பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் சென்று, உயரே போகப்போக ஒருவகைக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டார். அது வானிலிருந்து வருவது. காற்று அதை நமக்காகத் தடுத்து நிற்கிறது. இந்த அண்டக் கதிர்களை ஆராய்வதற்காகவே ஓமி பாபா பலூன் ஆராய்ச்சியை இந்நாட்டில் ஊன்றினார். ஆராய்ச்சியாளர் சிலர் மேலே செல்ல, வேறு சிலர் நேர்மாறாகக் கீழே இறங்கினர். அந்தக் கதிர்களின் தொல்லையின்றி நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் காண்பதற்காகக் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965-இல் வெற்றியும் கண்டனர். மேலே செல்லச் செல்லக் குளிர். அங்கோ கீழே செல்லச் செல்ல வெப்பம். அச்சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் நம் தமிழ் மக்கள் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களும் பல.

பலூனின் பயணம் வியப்பானது. தரையில் விடும்போது அதன் பெரும்பகுதி வெறும் மடிந்த தாள்போலத் தொங்கும். மேலே ஒரு சிறு குமிழே வாயுவால் நிரம்பியிருக்கும். ஏற ஏற வெளியழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் வாயு நூற்றுக்கணக்கான மடங்கு பெருகி, அது முழுவுருவம் கொள்ளும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வீதம் குளிர் ஏறும். நம் நாட்டுக்கு மேலே பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் சூடு, சுழிக்குக் கீழே 80 டிகிரிவரை இறங்கிவிடும். துருவப் பகுதிகளுக்கு மேலே அந்த உயரத்தில் பொதுவாக இத்தனை குளிர் இல்லை என்பதை நம்புவது கடினம். ஆனால் அதுவே உண்மை. அக்குளிரில் சாதாரணப் பிளாஸ்டிக் நொறுங்கிவிடும். அதையும் கடந்தால் மீண்டும் சூடு ஏறத் தொடங்குகிறது. அங்கே ஓசோன் வாயு கதிரவனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிச் சூடாகிறது.

2005 ஏப்ரலில் 2 கோடியே 67 லட்சம் கன அடிக் கொள்ளளவுள்ள ஒரு பலூன் இங்கிருந்து புறப்பட்டது. திரவ நியானால் குளிரூட்டப்பட்ட 459 கிலோ எடையுள்ள கருவித் தொகுதியைச் சுமந்து, 20 முதல் 41 கிலோமீட்டர் வரையுள்ள உயரங்களில் காற்றைச் சேகரித்தது. உருளைகள் வான்குடையில் கீழிறங்க, அவற்றை ஆராய்ந்தவர்கள் நம் உப்பல் சாலையிலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும், பூனா நிலையத்தார் ஒரு சாராரும். அக்காற்றில் 12 பாக்டீரியாக் கூட்டங்களும் 6 பூஞ்சைக் கூட்டங்களும் இருந்தன. மூன்று பாக்டீரியா அதுவரை அறியப்படாத இனங்கள் என்று 2009-இல் அறிவித்து, ஒன்றுக்கு ஆர்யபட்டர் பெயரையும், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரையும், ஒன்றுக்கு ஹாய்ல் என்னும் வானியலறிஞர் பெயரையும் சூட்டினர். வானத்திலிருந்து உயிர் இறங்கிற்று என்று செய்தித்தாள்கள் எழுதின. நம் கருத்து வேறு. ஆர்யபட்டர் பெயர் கொண்ட அந்த நுண்ணுயிர் பிற்பாடு செடிகளின் வேர் மண்ணிலும் பல இடங்களில் கிடைத்திருக்கிறது. மண்ணிலிருந்து மேலே போனது என்று கொள்வதே எளிது. ஆயினும் அத்தனை குளிரிலும், காற்று அற்றுப்போன வெளியிலும், புற ஊதாக் கதிரிலும் அது அழியாமல் நின்றதே, அது போதாதா?

நுண்ணுயிர் நிற்கும், மனிதர் நிற்போமா? யாத்திரைக் குழுவின் அட்டவணையைப் பற்றியே நாம் முதன்மையாக எழுத எண்ணினோம்.

அட்டவணை இவ்வாறு இருந்தது: காலை நான்கு மணிக்கு ரிஷிகேசத்திலிருந்து பேருந்து, இரவு பத்ரிநாத்தில் தங்கல், விடியலில் தரிசனம். ரிஷிகேசம் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்; பத்ரிநாத் 3,100 மீட்டர். முந்நூறு கிலோமீட்டர் சாலையில், ஒரே பகலில், இரண்டே முக்கால் கிலோமீட்டர் உயரம். பெயர் கொடுத்தவர்களில் பதினொருவர் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள்.

இதைப் பற்றி நமக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் அத்தையை அதே பாதையில், அதே விரைவில், ஒரு சுற்றுலா ஏற்பாட்டினரின் வண்டியில் அழைத்துச் சென்றோம். அவருக்கு அப்போது வயது 68. நாள்தோறும் இரண்டு கல் நடப்பவர். இரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை. இரவு பத்ரிநாத் சேர்ந்ததும் தலைவலி என்றார். பிறகு வாந்தி. வழியில் உண்ட பூரிதான் காரணம் என்று நாம் முடிவுகட்டி, சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். இரவெல்லாம் அவர் உறங்கவில்லை. விடியற்காலையில் எழுந்து நடக்கும்போது கால் தடுமாறிற்று. நம்மைப் பார்த்து, இறந்துபோன தம் தமையனாரின் பெயரைச் சொல்லி அழைத்தார். அப்போதும் நாம் என்ன எண்ணினோம் தெரியுமா? தரிசனத்தை முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணினோம். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு மருத்துவர் வாசலில் அவரைக் கண்டு, வேறொன்றும் கேட்காமல், "இவரை இந்த நிமிடமே கீழே கொண்டுபோங்கள், கோயில் எங்கும் போய்விடாது" என்றார். சற்றுக் கடுமையாகவே சொன்னார். நல்ல வேளையாக நாமும் எதிர்வாதம் செய்யவில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டர் கீழே, ஆயிரத்திருநூறு மீட்டர் தாழ்வான ஜோஷிமட்டில் வண்டி நிற்பதற்குள் அத்தை கண் தெளிந்து, "காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். இன்னும் இருக்கிறார். தரிசனம் தவறியதற்காக இன்னும் நம்மை மன்னிக்கவில்லை.

நடந்தது யாதெனின், பத்ரிநாத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. காற்றில் பிராணவாயுவின் பங்கு அங்கும் நூற்றுக்கு 21 தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் காற்றே குறைந்துவிட்டது. உடல் இதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மூச்சை விரைவாக்கும், பிறகு குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்கும். அதற்கு நாள்கள் வேண்டும். நேரம் கொடாமல் ஏறினால் சிலருக்கு மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும். அது உயிருக்கே கேடு. 1962-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சமவெளியிலிருந்து நேரே இமயத்தின் உயரங்களுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட நம் படைவீரர்கள் பலர் இவ்வாறு துன்புற்றனர். அவர்களுள் 1,925 பேரைப் பற்றி இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் தோழர்களும் 1969-இல் எழுதிய கட்டுரையை உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். அவர்கள் கட்டுடல் கொண்ட இளைஞர்கள் என்பது கவனிக்கத்தக்கது. எனக்கு உடம்பு உறுதி என்ற துணிவு இங்கே செல்லாது.

ஆதலின் செல்லும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ, களைப்போ, உறக்கமின்மையோ வந்தால், வேறு காரணம் உறுதிப்படும்வரை அது உயரத்தின் வேலையே என்று கொள்க. பூரியின்மீது பழி போடாதீர்கள். அந்நிலையில் மேலும் ஏறலாகாது. நடை தடுமாறினாலும், பேச்சுக் குழறினாலும், சும்மா அமர்ந்திருக்கையிலே மூச்சுத் திணறினாலும் விடியும்வரை காத்திராமல் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்குவதற்கு ஒப்பான மருந்து வேறில்லை. முன்கூட்டி உண்ணும் மாத்திரை ஒன்று உண்டு. அதைத் தம் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். இதயநோய், மூச்சுநோய் உடையவர்கள் அவர் சொல்லைக் கேட்டபின் பெயர் கொடுப்பார்களாக. தனியே ஓர் அறையில் முதியவர்களைப் படுக்கவிடுவது கூடாது.

பத்ரியைப் பற்றித் திருமங்கையாழ்வார் பாடிய பதிகம் ஒன்று, கோலூன்றித் தள்ளாடும் முதுமை வந்து சேருமுன்பே அங்கே போய் வணங்கச் சொல்கிறது. வயது ஏறிய பின் அந்த மலை என்ன செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். நம் குழுவில் முதுமை முன்பே வந்துவிட்டவர்கள் மிகுதி. அவர்கள் மெல்லச் செல்லட்டும்.

குழுச் செயலாளரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். முதலில் அவர் செலவுக் கணக்கைக் காட்டினார். ஓர் இரவு கூடினால் ஆளுக்கு இத்தனை என்றார். அத்தையின் கதையைக் கேட்டபின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திருத்திய அட்டவணை இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் வெளியாகிறது: முதல் இரவு ருத்ரபிரயாகையில், இரண்டாம் இரவு ஜோஷிமட்டில், மூன்றாம் நாள் முற்பகலில் பத்ரிநாத், மாலைக்குள் மீண்டும் ஜோஷிமட். மேலே இரவு தங்குதல் இல்லை. கட்டணம் சற்று உயர்ந்திருக்கிறது. முன்னரே பணம் கட்டியவர்கள் மீதியை ஞாயிறு மாலை சங்கத்தில் செலுத்தலாம். வர விரும்பாதவர்கள் முழுத்தொகையையும் திரும்பப் பெறலாம்.

பருப்பு விஷயம் இன்னும் தீரவில்லை. சகோதரி குழாய் நீரில் வேகவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.